பட்டு மாமியும் கலெக்டர் ஜானகியும்

1968-ஆம் ஆண்டின் கடைசி நான்கு மாதங்களில் வெளியான மூன்று படங்களை அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். செப்டம்பரில் ‘ஒளிவிளக்கு’. அதில் எம்.ஜி.ஆர். காப்பாற்றி அழைத்துவரும் விதவை, அவர் உயிருக்காகத் தெய்வத்தின் முன் மன்றாடுகிறாள். நவம்பரில் ‘உயர்ந்த மனிதன்’. சிவாஜியின் பணக்கார மனைவியாக, அவருடைய முதல் கல்யாணத்தைப் பற்றி எதுவும் தெரியாமலே அந்தப் பெரிய வீட்டை ஆளும் விமலா. டிசம்பரில் ‘எதிர்நீச்சல்’. ஒண்டுக்குடித்தன வீட்டில் கிட்டு மாமாவைப் பாடாய்ப்படுத்தும் பட்டு மாமி. மூவரும் ஒருவரே என்பதைப் பெயர்ப் பட்டியலைப் பார்த்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

சௌகார் ஜானகி என்றாலே அழுகை என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு அவருக்குப் பெரிய அநியாயம் செய்திருக்கிறது என்றே நினைக்கிறேன். அவர் அழுத படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணீர் கடைசியாகத்தான் வரும். அதற்கு முன்பே குரல் கொஞ்சம் தாழும், வார்த்தைகள் குறையும், எதிரில் நிற்பவரைப் பார்க்காமல் முகம் வேறு எங்கோ திரும்பும். அழுகையை அடக்கிக்கொள்ளத் தெரிந்தவர் அவர். அந்த அடக்கத்தைத்தான் நாம் அழுகை என்று நினைவில் வைத்திருக்கிறோம்.

குரலிலிருந்துதான் அவருடைய கதையே தொடங்குகிறது. ராஜமுந்திரியில் 1931-இல் பிறந்தவர், சிறுவயதிலேயே வானொலி நாடகங்களில் நடித்தார். அந்தக் குரலைக் கேட்ட இயக்குநர் பி.என்.ரெட்டி சினிமாவுக்கு அழைக்க, வீட்டார் பயந்துபோய் அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். பிறகு குடும்பத்தில் பணக்கஷ்டம் வந்தபோது, கைக்குழந்தைக்காரியாக அவரே போய் வாய்ப்புக் கேட்டார். விஜயா புரொடக்ஷன்ஸின் முதல் படமான ‘ஷாவுகாரு’ (1950) கிடைத்தது. இயக்கம் எல்.வி.பிரசாத், கதாநாயகன் என்.டி.ராமாராவ். கதையில் சௌகார் என்பவர் வட்டிக்குப் பணம் கொடுக்கும் பெரியவர். ஜானகியோ பக்கத்து வீட்டுப் பெண். ஆனாலும் அந்தப் பெரியவரின் பட்டம் இந்தப் பெண்ணின் பெயரோடு ஒட்டிக்கொண்டு இன்றுவரை நிற்கிறது. தமிழுக்கு அவர் வந்தது ‘வளையாபதி’ (1952) மூலம். வசனம் பாரதிதாசன். தமிழில் கால் வைக்கும்போதே அவர் பேச வேண்டியிருந்தது அந்தத் தமிழ்!

‘படிக்காத மேதை’யில் (1960) வெள்ளந்தி ரங்கனாக சிவாஜி திரையை நிறைத்துவிடுகிறார். அவருக்கு வாய்த்த மனைவி லட்சுமி, அவர் அளவுக்கு உயர்த்தி நடிக்கப் பார்த்திருந்தால் படம் சாய்ந்திருக்கும். ஜானகி அமைதியாக நிற்கிறார். ரங்கனுக்குப் புரியாத அவமானமெல்லாம் இவள் முகத்தில் வந்து இறங்குகிறது. ‘பார் மகளே பார்’ (1963) வந்தபோது அவருக்கு முப்பத்திரண்டு வயதுகூட நிறையவில்லை. கல்யாண வயதில் இரண்டு பெண்களுக்குத் தாய். மற்ற கதாநாயகிகள் அஞ்சி ஒதுங்கும் இடத்துக்கு அவர் துணிந்து போனார்.

மறு வருடமே ‘புதிய பறவை’. அதுவரை அவரைக் குடும்பத் தலைவியாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு முன்னால், கேளிக்கை விடுதி மேடையில் பாடும் சித்ராவாக வந்து நிற்கிறார். ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ பாட்டில் பி.சுசீலாவின் குரல் சிரிக்க, இவர் கண்ணும் தோளும் அந்தச் சிரிப்பை முடித்துவைக்கின்றன. அதே பாட்டு பின்னால் சோகமாகவும் வருகிறது. ஆனால் இந்தப் படத்தை இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் அவருடைய திறமை முழுதாகப் பிடிபடும். திரும்பி வந்து வீட்டுக்குள் நுழையும் ‘மனைவி’ சித்ரா அல்ல, கணவன் கோபாலாக வரும் சிவாஜியின் வாயிலிருந்து உண்மையை வரவழைக்கப் போலீஸ் அனுப்பிய பெண் என்று நமக்குத் தெரிந்துவிட்டது. இப்போது அந்த முகத்தைப் பாருங்கள். கோபாலைத் தவிர எல்லோரும் நம்பும்படி அவள் சித்ராவாக இருக்க வேண்டும். கோபால் மட்டும் நடுங்க வேண்டும். புன்னகை இருக்கிறது, சூடு இல்லை. உரிமையோடு நெருங்குகிறாள், ஆசை இல்லை. ஒரு நடிகை, இன்னொருத்தி போல நடிக்கும் ஒருத்தியாக நடிக்கிறார். சிவாஜி உடைந்து நொறுங்குவதைப் பற்றி அறுபது வருடமாகப் பேசுகிறோம். அவரை உடைத்தது எதிரில் நின்ற அந்தக் குளிர்ந்த முகம்தான்.

அவருடைய இந்த வீச்சை நன்றாக உணர்ந்தவர் கே.பாலசந்தர். தன் முதல் படமான ‘நீர்க்குமிழி’யில் (1965) அவரை டாக்டராக்கினார். ‘பாமா விஜய’த்தில் சிரிக்க வைத்தார். ‘எதிர்நீச்ச’லில் பட்டு மாமியாக அக்ரகாரத்துப் பேச்சைக் கொடுத்தார். அடுத்தாத்து அம்புஜத்தோடு தன்னை ஒப்பிட்டு மாமி, கிட்டு மாமாவான ஸ்ரீகாந்தை வாட்டும் அந்தப் பாட்டில், தெலுங்கு நாட்டில் பிறந்தவர் என்ற சாயலே இல்லை. நீட்டும் இழுப்பும் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் கேட்பவைதான்.

‘இரு கோடுகள்’ (1969) எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. மாமியாரால் பிரிக்கப்பட்ட முதல் மனைவி, பல வருடம் கழித்துக் கலெக்டராக வருகிறாள். அவளுக்குக் கீழே குமாஸ்தாவாக நிற்பவன் அவளுடைய பழைய கணவன். அவனுக்கோ இப்போது வேறு மனைவி, குடும்பம். ஜெமினி கணேசன் கோப்புகளோடு எதிரில் நிற்கும்போது அவர் உட்கார்ந்திருக்கும் விதம் இருக்கிறதே! முதுகு நிமிர்ந்திருக்கிறது, உத்தரவு தெளிவாக வருகிறது, கண் மட்டும் அந்தப் பதவிக்குள் அடங்க மறுக்கிறது. பழிவாங்கவும் இல்லை, இரங்கிக் கரையவும் இல்லை. அதிகாரத்தில் இருக்கும் பெண்ணைப் பாவம் என்றோ திமிர் பிடித்தவள் என்றோதான் காட்டத் தெரிந்திருந்த சினிமாவில், அவளை மனுஷியாகக் காட்டினார். அந்தப் பாத்திரத்துக்கும் ஜானகி என்றே பெயர். படம் தெலுங்குக்குப் போனபோது தலைப்பே ‘கலெக்டர் ஜானகி’ ஆயிற்று. அங்கே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ஜமுனா.

பாத்திரம் தேடி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. இந்தியில் ‘மம்தா’வாக வந்த கதையை ‘காவியத் தலைவி’ (1970) என்று தானே தயாரித்து, தாய், மகள் இரண்டையும் தானே செய்தார். இயக்கம் மறுபடி பாலசந்தர்தான்.

1984-இல் எம்.ஜி.ஆர். நோயுற்றுக் கிடந்தபோது, தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் ‘ஒளிவிளக்கு’ பிரார்த்தனைப் பாட்டைத் திரையிட்டார்கள். வாலி எழுதி சுசீலா பாடிய பாட்டு. ஜனங்கள் கைகூப்பியபோது அவர்கள் முன்னால் திரையில் கைகூப்பியிருந்தவர் சௌகார் ஜானகி.

அதற்கு மூன்று வருடம் முன்னால்தான் அதே ஜனங்கள் ‘தில்லு முல்லு’வில் அவரைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருந்தார்கள். ஐம்பதை நெருங்கும் வயது. ரஜினியின் பொய்யைக் காப்பாற்ற வந்த பணக்காரச் சீமாட்டி, இல்லாத அம்மாவாக நடிக்கிறாள். அது போதாமல் அந்த அம்மாவுக்கு இரட்டைச் சகோதரி ஒருத்தியையும் உண்டாக்கிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். தேங்காய் சீனிவாசன் சந்தேகத்தோடு முறைக்க, நம் கலெக்டர் ஜானகி கொஞ்சமும் கண் சிமிட்டாமல் நிற்கிறார், பயபக்தியோடு, பரம சாதுவாக.