ஒரே துயருக்கு இரண்டு அளவுகோல்கள்

நடுவுநிலைமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். இக்காலத்தில் அவர் கூறிய தராசைக் கையிலேந்தி நிற்பவை பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளுமே. அத்தராசின் முள் எப்பக்கம் சாய்கின்றது என்பதை அகதிகளாய் வந்த நாம் நன்கறிவோம்.

1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் எம்மவர் சுவிற்சர்லாந்துக்கு வந்து சேர்ந்த காலத்தை நினைத்துப் பார்ப்போம். தோல் அங்கி அணிந்து ஹெரோயின் விற்பவன் தமிழன் என்பதே 1980களின் நடுப்பகுதியில் இந்நாட்டுப் பத்திரிகைகள் பல தீட்டிய சித்திரம். எம்மவருள் அத்தொழிலில் இறங்கியோர் சிலர் இருந்தனர். அதனை மறைப்பது அழகன்று. ஆயினும், சிலரது குற்றம் ஓர் இனத்தின் பெயரால் தலைப்புச் செய்தியாயிற்று. அந்தச் சூழலிலேதான் 1987 ஏப்ரல் 5ஆம் திகதி புகலிடச் சட்டத்தை இறுக்கும் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்களித்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அதனை ஆதரித்தனர்.

ஆண்டுகள் சென்றன. உணவகச் சமையலறைகளிலும் வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் எம்மவர் உழைத்தனர். சித்திரமும் மாறியது. அமைதியானவர்கள், கடின உழைப்பாளிகள் என்று புகழுரைகள் எழுந்தன. முன்னர் இகழப்பட்டவர்களும் பின்னர் புகழப்பட்டவர்களும் ஒரே மக்களே.

2022இல் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தபோது இரட்டை அளவுகோல் மீண்டும் வெளிப்பட்டது. போரினால் இடம்பெயர்வோரைக் கூட்டாக ஏற்கும் 'எஸ்' பாதுகாப்புத் தகுதியை, யூகோஸ்லாவியப் போர்களின் படிப்பினையால், 1998இன் புகலிடச் சட்டத்தில் சேர்த்திருந்தனர். வன்னியில் 2009இல் குண்டு மழை பொழிந்தபோதும் சிரியா எரிந்தபோதும் அக்கதவு திறக்கவில்லை. 2022 மார்ச் 12ஆம் திகதி உக்ரேனியருக்காக அது முதன்முறையாகத் திறந்தது. அவர்கள் காத்திருப்பின்றி வேலை செய்யலாம்; குடும்பத்தினரையும் அழைக்கலாம். 'எவ்' அனுமதியுடன் வாழ்ந்த சிரியருக்கோ, குடும்பத்தை அழைப்பதற்கு அந்நாளில் சட்டம் விதித்த காத்திருப்பு மூன்று ஆண்டுகள். உக்ரேனியத் தாய்க்குக் கிடைத்த ஆதரவை நாம் பழிக்கலாகாது. மனமிருந்தால் திறக்கக்கூடிய கதவு அது என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

இவற்றையெல்லாம் கண்டு மனங்கசந்தோர், "எல்லாப் பத்திரிகையும் பொய், எல்லா அரசியல்வாதியும் ஒன்றுதான்" என்று ஒதுங்கிவிடுகின்றனர். இக்கசப்பினால் பயனடைபவர் யார்? வன்னிப் போரில் பொதுமக்கள் எவருக்கும் தீங்கு நேரவிடவில்லை என்று கொழும்பு அரசு சாதித்தது. நாற்பதாயிரம் பேர்வரை மாண்டிருக்கலாம் என ஐ.நா. நிபுணர் குழு 2011இல் அறிக்கையிட்டது. எல்லாம் பொய்யென்று சொல்பவருக்கு இவ்விரு கூற்றுகளும் ஒன்றாகிவிடும். பொய்யுரைத்தவர் வேண்டுவதும் அதுவே.

ஆகவே ஒதுங்குதல் தீர்வாகாது. ஒரு செய்தியை இரண்டு மூன்று பத்திரிகைகளில் வாசித்து ஒப்புநோக்குவோம். இனத்தையோ நாட்டையோ காட்டி இழிவுபடுத்தும் எழுத்தைக் கண்டால், அது வெளியான மூன்று மாதங்களுக்குள் சுவிஸ் பத்திரிகைச் சபையிடம் எவரும் முறையிடலாம். பிள்ளைகளின் மொழியறிவு இதற்குத் துணைபுரியும். குடியுரிமை பெற்றோர் வாக்குச்சீட்டைக் குப்பையில் இடாதிருப்பார்களாக.

இறுதியாக ஒன்று. எமது விருந்துகளிலும் விழாக்களிலும், "இந்த எரித்திரியாக்காரர் வேலைக்கள்ளர், அரச பணத்தில் வாழ்பவர்கள்" என்று எம்மவரே பேசக் கேட்கின்றோம். தோல் அங்கித் தமிழனைப் பற்றி அன்று இந்நாட்டார் பேசியதும் இவ்வாறே. எமக்கு வேண்டிய நீதியைப் பின்னால் வருபவனுக்கு மறுத்துவிட்டு, பத்திரிகைகளிடம் நடுவுநிலைமையை எதிர்பார்க்க எமக்கு என்ன உரிமை உண்டு? தராசின் முள்ளை முதலில் எமது வீட்டிலேயே நேராக நிறுத்துவோம்.