வாயில்லா ஜீவன்களும் நம் பிள்ளைகளும்



தெருவோரம் கிடக்கும் நாய்க்குட்டியைத் தூக்கி வந்து, "இதை நாமே வளர்க்கலாமா?" என்று கேட்காத பிள்ளைகள் குறைவு. நாம் சொல்லும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. "அதைக் கொண்டுபோய் விடு" என்று அதட்டுகிறோம். அல்லது அடுத்த மாதமே ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வெளிநாட்டு இனக் குட்டி ஒன்றைக் கடையில் வாங்கிவருகிறோம். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதுதான் பிராணிகள் காப்பகத்திலிருந்து ஓர் உயிரைப் பொறுப்பேற்று வளர்ப்பது. இதைப் பற்றி இன்று சற்றுச் சிந்திப்போம்.

திருநூல் என்ன சொல்கிறது?

பகைவனின் கழுதை சுமை தாங்காமல் விழுந்து கிடந்தாலும் அதைத் தூக்கிவிடவேண்டும் என்கிறது மோசேயின் சட்டம் (விப 23:5). ஓய்வுநாள் மனிதருக்கு மட்டுமல்ல, மாட்டுக்கும் கழுதைக்கும் உண்டு (விப 23:12). நேர்மையாளர் தம் கால்நடைகளின் தேவையையும் அறிந்திருப்பர் என்கிறது நீதிமொழிகள் (நீமொ 12:10). தோபித்து நூலில், தோபியாவும் வானதூதர் இரபேலும் புறப்பட்ட பயணத்தில் ஒரு நாயும் உடன் செல்கிறது. திரும்பி வரும்போதும் அது பின்னே வருகிறது (தோபி 6, 11).

நம் புனிதர்களையும் எண்ணிப் பாருங்கள். கொள்ளைநோயால் காட்டில் தனித்துக் கிடந்த புனித ரோக்குக்கு ஒரு நாய் அப்பம் கொண்டுவந்து கொடுத்தது என்பது மரபு. அதனால்தான் அவரது சுரூபத்தின் காலடியில் நாய் நிற்கிறது. அசிசியாரை, சுற்றுச்சூழலைப் பேணுவோரின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979-ஆம் ஆண்டு அறிவித்தார். சனவரி 17-ஆம் நாள் வனத்து அந்தோணியார் திருநாளில் கால்நடைகளை மந்திரிக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல.

"மனிதருக்கே வழியில்லை, நாய்க்கு என்ன?"

இது நியாயமான கேள்வி. திருஅவையின் மறைக்கல்வி நூல் (எண் 2415-2418) இதற்கு நேராகவே பதில் தருகிறது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே எதிரானது. அதே வேளையில், ஏழைகளின் துயர் துடைக்கவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவழிப்பதும் தகாது. விலங்குகளை நேசிக்கலாம், ஆனால் மனிதருக்கு உரிய அன்பை அவற்றிடம் திருப்பிவிடக் கூடாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடல், எந்த உயிருக்குச் செய்யும் கொடுமையும் மனித மாண்புக்கு முரணானது என நினைவூட்டியது. அவரே 2022 சனவரியில், பிள்ளைகளுக்குப் பதிலாகச் செல்லப்பிராணிகளை வைத்துக்கொள்ளும் போக்கைக் கடிந்துகொண்டார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. அன்பு ஒழுங்கோடு இருக்கவேண்டும் என்பதே இரண்டின் பொருளும்.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், காப்பகத்திலிருந்து எடுத்து வளர்ப்பது எளியோருக்கும் ஏற்ற வழியாகும். பெரிய விலை இல்லை. நம் நாட்டு நாய்கள் நம் வெயிலுக்குப் பழகியவை. வீட்டில் மிஞ்சும் சோற்றோடு சிறிது சத்துணவும் சேர்த்தால் போதும். இதில் மிச்சமாகும் பணத்தை ஏழை மாணவர் ஒருவரின் கல்விக்குக் கொடுக்கலாமே!

காப்பகங்கள் எப்படிச் செயல்படுகின்றன?

சென்னையில் கேப்டன் சுந்தரம் அவர்கள் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு இத்துறையில் முன்னோடிகளுள் ஒன்று. அடிபட்ட, கைவிடப்பட்ட பிராணிகளைக் காப்பகங்கள் ஏற்றுச் சிகிச்சை அளிக்கின்றன. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போடுகின்றன. காதின் ஓரத்தில் சிறு வெட்டு உள்ள நாயைப் பார்த்தால், அதற்குக் கருத்தடை முடிந்தது என்று அறியலாம்.

வளர்க்க விரும்புவோரிடம் பொதுவாக முகவரிச் சான்றும், ஒழுங்காக வளர்ப்போம் என்ற உறுதிமொழியும் கேட்கிறார்கள். கையொப்பமிடவேண்டியவர் பிள்ளை அல்ல, பெற்றோர். ஆகவே முடிவெடுக்கும் முன் குடும்பமாகச் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். வாடகை வீடு என்றால் உரிமையாளர் சம்மதிப்பாரா? தேர்வு நேரத்திலும், வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை போகும்போதும் யார் பார்த்துக்கொள்வார்? பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடிய உயிர் இது. ஆசை தீர்ந்ததும் தெருவில் விட்டுவிட முடியுமா? வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

பங்கில் பிள்ளைகள் என்ன செய்யலாம்?

எல்லா வீட்டிலும் நாய் வளர்க்க முடியாது. ஆனால் விலங்குகளை நேசிக்கும் பிள்ளைகளைப் பங்கில் ஒன்றுசேர்க்க முடியும்.

1. மறைக்கல்வி ஆசிரியரோ பெற்றோரோ உடன்வர, முன் அனுமதி பெற்று ஒரு காப்பகத்திற்குப் போய்வரலாம். பழைய துணி, செய்தித்தாள், அரிசி ஆகியவற்றை அன்பியங்கள் வழியாகத் திரட்டிக் கொடுக்கலாம்.

2. கோடைக்காலத்தில் ஆலய வளாகத்திலும் வீட்டு வாசலிலும் தண்ணீர்த் தொட்டி வைத்து, நாள்தோறும் கழுவி நிரப்பும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம்.

3. அக்டோபர் 4, அசிசியார் திருநாளன்று பங்குத்தந்தையின் அனுமதியுடன் பிராணிகளை மந்திரிக்கும் சிறு வழிபாடு நடத்தலாம். கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்துத் தடுப்பூசியும் போடச் செய்யலாம்.

4. வெறிநாய்க்கடி பற்றிச் சொல்லிக்கொடுக்கவேண்டும். உண்ணும் நாயையும், குட்டிகளோடு இருக்கும் தாயையும் தொடக் கூடாது. கடித்தாலும் கீறினாலும் பயந்து மறைக்கக் கூடாது. உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்குச் சென்று எல்லா ஊசிகளையும் தவறாமல் போட்டுக்கொள்ளவேண்டும். இந்நோய் முற்றி அறிகுறி தெரிந்தபின் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. இந்த ஒரு பாடமே ஓர் உயிரைக் காக்கும்.

அன்பார்ந்தவர்களே, செல்வந்தன் வாயிலில் கிடந்த இலாசரை நினைத்துப் பார்ப்போம். வீட்டுக்காரன் கண்டுகொள்ளவில்லை. நாய்கள்தான் அவர் அருகே வந்தன (லூக் 16:21). வாயில்லா ஜீவனின் பசியைக் கவனிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, வாயிலில் கிடக்கும் இலாசரையும் தாண்டிப் போகாது. பிள்ளைகளின் இரக்கத்தை அதட்டி அணைத்துவிடாமல், அதற்கு ஒழுங்கும் பொறுப்பும் கற்றுக்கொடுப்போம். படைத்த இறைவன், நம் குடும்பங்களையும் நம்மை நம்பி வாழும் எல்லா உயிர்களையும் ஆசீர்வதிப்பாராக!