கறிக்கோழித் தீவனமும் தாது உப்பும்

மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் போட்டால் கறிக்கோழி வளர்ந்துவிடும் என்றே நாமும் நெடுநாள் நினைத்திருந்தோம். ஒருமுறை பண்ணைக்காரர் ஒருவர் தாது உப்பு கேட்க, மாட்டுக்குரிய கலவையைக் கட்டிக் கொடுத்துவிட்டோம். மூன்று வாரத்தில் பல குஞ்சுகளுக்குக் கால் கோணிற்று. மாங்கனீசு குறைந்தால் குதிகால் தசைநார் நழுவும் என்றார் கால்நடை மருத்துவர்.

கிலோ தீவனத்துக்கு மாங்கனீசு 60 மில்லிகிராம், துத்தநாகம் 40 என்பது 1994-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் சொன்ன அளவு. டன்னுக்கு 60 கிராம்தான்! தானியத்திலுள்ள துத்தநாகத்தைப் பைட்டேட் பிடித்து வைத்துக்கொள்கிறது. செலினியமோ 0.15 மில்லிகிராம், மிகுந்தால் நஞ்சு. இத்தனை சிறு அளவை முதலில் கொஞ்சம் தவிட்டில் கலந்து, பிறகே தீவனத்தில் சேர்க்க வேண்டும்.

இப்போது கோழிக்கென்று அச்சிட்ட பையைப் பிரிக்காமலே விற்கிறோம். அந்தப் பண்ணைக்காரரிடம் பாக்கி கேட்கவில்லை.