தகரத்தில் வட்டம்: எந்தத் துளைக்கு எந்தக் கருவி?

பிரிஞ்சாங்கைத் தாண்டி, திரிங்காப் வழியாகக் கம்போங் ராஜாவுக்குப் போகும் சாலையில் இருக்கிறது கோலா தெர்லா. சரிவெங்கும் காய்கறித் தோட்டங்கள். அவற்றை ஒட்டி உரக் கொட்டகை, பம்பு அறை, காய்கறி பொட்டலம் கட்டும் கூடம். கேமரன் மலையின் மற்ற பக்கங்களில் தேயிலை ஆலைகள். கூரை, சுவர், காற்றுக் குழாய், மின்பெட்டி என்று எங்கு திரும்பினாலும் தகடுதான்.

அந்தத் தகட்டில் என்றாவது ஒரு நாள் பெரிய துளை போட வேண்டி வரும். கொட்டகைக்குக் காற்றாடி வைக்க வேண்டும், மின்பெட்டிக்குள் கேபிள் நுழைய வேண்டும், தொட்டிக்குக் குழாய் பொருத்த வேண்டும். அப்போது பலருடைய கை முதலில் போவது வட்டு கிரைண்டருக்குத்தான். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் கிடைப்பது வட்டமல்ல, எட்டு மூலை கொண்ட ஓட்டை. ஓரம் கருகியிருக்கும். இடைவெளியை சிலிகான் வைத்து அடைக்க வேண்டியிருக்கும். சில மாதங்களில் அதே இடத்தில் துரு கிளம்பும்.

தேயிலைக்கும் துளைக்கும் என்ன தொடர்பு?

கேமரன் மலையில் போ தோட்டம் 1929-இல் தொடங்கியது. பாரத் தேயிலை 1933-இல் வந்தது. இன்றும் ஆலைக்குள் இலைக்கு நடக்கும் முதல் வேலை வாட்டுவதுதான். நீண்ட தொட்டியில் கம்பி வலை மீது இலையைப் பரப்பி, அடியிலிருந்து பெரிய விசிறி மூலம் மணிக்கணக்கில் காற்றைச் செலுத்துவார்கள். அந்தக் காற்றுப் பாதையில் ஒரு துளையை வெட்டிவிட்டு, இரும்புத் துகள்களை அப்படியே விட்டால் அவை எங்கே போய்ச் சேரும் என்று சொல்லத் தேவையில்லை. இரும்புத் துகளைப் பிடிக்க ஆலைகளில் காந்தம் வைப்பதுண்டு. ஆனால் அலுமினியச் சுருள் காந்தத்தில் ஒட்டாது. பெரும்பாலான எவர்சில்வர் துகளும் சரியாக ஒட்டாது. ஆகவே துகள் குறைவாக விழும் கருவியைத் தேர்ந்தெடுப்பது, அழகுக்காக மட்டும் செய்யும் காரியமல்ல.

முதலில் நான்கு கேள்விகள்

கடைக்குப் போகும் முன் இவற்றுக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். துளையின் விட்டம் என்ன? தகட்டின் கனம் என்ன? ஒரு துளையா, இருபதா? தகட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? கடைசிக் கேள்வியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பின்னால் மின்கம்பி ஓடலாம், தண்ணீர்க் குழாய் இருக்கலாம், ஆள்கூட நிற்கலாம்.

35 மி.மீ. வரை: படிக்கட்டு டிரில்

கூம்பு வடிவில், படிப்படியாக அகலும் டிரில் இது. மெல்லிய தகட்டுக்கு இதைவிட எளிய கருவி இல்லை. சாதாரண டிரில் மெல்லிய தகட்டைக் கவ்வி முறுக்கிவிடும். துளை முக்கோணமாகப் போகும். படிக்கட்டு டிரில்லில் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு படியின் உயரத்தை விடத் தகட்டின் கனம் குறைவாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

மின்பெட்டிக்கு: நாக்-அவுட் பஞ்ச்

நடுவில் சிறு துளை போட்டு, ஒரு பக்கம் பஞ்ச், மறுபக்கம் அச்சு வைத்து, இடையில் உள்ள போல்ட்டை ஸ்பேனரால் முறுக்க வேண்டும். தகடு வட்டமாக வெட்டுப்பட்டு உள்ளே விழும். தூள் பறக்காது, தீப்பொறி இல்லை, ஓரம் வழவழப்பாக இருக்கும். மின்பெட்டி வேலைக்கு இதுவே முதல் தேர்வு. அளவு பெரிதானால் ஹைட்ராலிக் வகை உண்டு.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. மின்குழாய்க்கான பஞ்சில் ‘அரை அங்குலம்’ என்று எழுதியிருந்தால், அது குழாயின் பெயரளவு. விழும் துளை சுமார் 22 மி.மீ. இருக்கும். நம் ஊரில் 20, 25 மி.மீ. குழாய்கள் பழக்கம் என்பதால், பெட்டியில் உள்ள மில்லிமீட்டர் கணக்கைப் பார்த்து வாங்குங்கள். மின்சாரத்தை அணைத்த பிறகே பெட்டியில் கை வைக்க வேண்டும். கம்பி இணைப்பு வேலையைப் பதிவு பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

150 மி.மீ. வரை: ஹோல் சா

கிண்ணம் போன்ற ரம்பம். இதில் நடக்கும் தவறு பெரும்பாலும் வேகத்தால்தான். விட்டம் கூடக் கூட வேகம் குறைய வேண்டும். சாதாரண இரும்புத் தகட்டில் 76 மி.மீ. ரம்பத்துக்கு நிமிடத்துக்கு 120 சுற்று போதும். 150 மி.மீ. என்றால் சுமார் 60 சுற்று. டிரில்லில் 1 என்ற கியரில் வைத்து, விசையை மெல்ல அழுத்துங்கள். புகை வந்தால் வேகம் அதிகம் என்று பொருள், பல் மழுங்கிவிடும். சில துளி எண்ணெய் விடுங்கள்.

மெல்லிய தகட்டை இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து வெட்டினால் தகடு அதிராது, ஓரமும் மடங்காது. எவர்சில்வர் தகட்டுக்குக் கார்பைடு பல் வைத்த ரம்பம் நல்லது. ஆனால் வெட்டும்போது ஆட்டினால் அந்தப் பல் உடைந்துவிடும்.

அதற்கும் மேல்: நிப்ளர்

600 மி.மீ. காற்றாடிக்கு வட்டம் வேண்டுமென்றால் ஹோல் சா உதவாது. இங்கேதான் நிப்ளர் கைகொடுக்கும். எலி கொறிப்பது போலத் தகட்டைச் சிறுசிறு பிறைகளாகக் கொறித்துக்கொண்டே போகும். தகடு வளையாது. வட்ட வழிகாட்டிக் கையைப் பொருத்தினால் காம்பஸ் போட்டது போல வட்டம் வரும். டிரில்லில் மாட்டும் மலிவான வகையும் கிடைக்கிறது. தொடங்குவதற்கு ஒரு சிறிய துளையை முன்கூட்டியே போட வேண்டும். உதிரும் பிறைகள் ஊசிபோலக் குத்தும். கீழே துணி விரித்து, ஒன்று விடாமல் கூட்டி அள்ளுங்கள்.

வேலை ஒன்றிரண்டுதான் என்றால் தகரக் கத்தரியே போதும். சிவப்புப் பிடி இடப்பக்கம் வளைந்து வெட்டும், பச்சை வலப்பக்கம், மஞ்சள் நேராக. நெருக்கமான பல் கொண்ட பிளேடு போட்ட ஜிக்சாவும் உதவும். அதன் அடிப்பாகத்தில் டேப் ஒட்டினால் வண்ணத் தகட்டில் கீறல் விழாது. ஒரே அளவில் இருபது துளை தேவையென்றால், சிம்பாங் பூலாய் வழியாக இறங்கி நகரத்து லேசர் பட்டறையில் கொடுத்துவிடுவது நேரத்துக்கும் காசுக்கும் நல்லது.

கிரைண்டர் ஏன் வேண்டாம்?

ஜி.ஐ. தகட்டின் மேல் உள்ள துத்தநாகப் பூச்சுதான் அதற்குக் கவசம். வெட்டிய ஓரத்தைக்கூட அருகில் உள்ள பூச்சு ஓரளவு காக்கும். துத்தநாகம் சுமார் 420 டிகிரியில் உருகி, 907 டிகிரியில் ஆவியாகிவிடும். கிரைண்டர் வட்டு அந்தக் கவசத்தையே எரித்துவிடுகிறது. பறக்கும் பொறிகள் கூரையில் ஒட்டி, மழை நனைத்ததும் பழுப்புப் புள்ளிகளாகும். ஓயாத மழையும் பனியும் உள்ள கேமரன் மலையில் இது வேகமாக நடக்கும். அந்தப் புகையைச் சுவாசித்தால் மாலையில் குளிரும் காய்ச்சலும் வரலாம்.

கைக்கும் கண்ணுக்கும்

கண்ணாடி அணியாமல் தொடங்காதீர்கள். தகட்டைத் தூக்கும்போதும் கத்தரி பிடிக்கும்போதும் கையுறை அவசியம். சுழலும் டிரில்லுக்கு அருகில் தளர்ந்த கையுறை கூடாது, கையோடு இழுத்துவிடும். நடுத்தண்டிலிருந்து நீளும் ஒற்றைக் கத்தி கொண்ட வட்டவெட்டியைக் கை டிரில்லில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது மேசை டிரில்லுக்கு உரியது.

வெட்டி முடித்ததும் ஓரத்தை அரத்தால் தேய்த்து, துடைத்து, துத்தநாகப் பெயின்ட் ஒரு கை பூசுங்கள். கேபிள் போகும் துளைக்கு ரப்பர் வளையம் மாட்டுங்கள். இந்த ஐந்து நிமிட வேலைதான் துளையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

தொழிற்பயிற்சி முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், அவனுக்கோ அவளுக்கோ முதலில் ஒரு படிக்கட்டு டிரில், நல்ல கத்தரி ஒரு ஜோடி, மூன்று நான்கு அளவில் ஹோல் சா வாங்கிக் கொடுங்கள். பஞ்சும் நிப்ளரும் வேலை வரும்போது ஒவ்வொன்றாகச் சேரட்டும். சுத்தமாக ஒரு வட்டம் வெட்டத் தெரிந்தவரை அடுத்த வேலைக்கும் தேடி வந்து அழைப்பார்கள்.