சொல்நீளக் கணக்கீடும் ஆர் மொழியின் செயற்கூறுகளும்

ஒரு நூலின் நடையை அளக்கச் சொல்லின் சராசரி நீளம் ஓர் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒப்பிடுவோர்க்கும் இது பயன்படுகிறது. இக்கணக்கீட்டிற்கு ஏற்ற நிரல்மொழிகளுள் ஒன்று 'ஆர்'. பெல் ஆய்வகத்தில் 1976இல் தொடங்கப்பெற்ற 'எஸ்' மொழியை அடியொற்றி, நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இகாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகியோர் 1990களின் தொடக்கத்தில் இதனை உருவாக்கினர். இம்மொழி எண்ணித் தரும் நீளம் தமிழ் எழுத்துகளின் எண்ணிக்கையாகுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. செயற்கூறின் அமைப்பு

ஆர் மொழியில் செயற்கூறு என்பது உள்ளீடு, உடல், சூழல் என்னும் மூன்று கூறுகளை உடைய கட்டளைத் தொகுப்பு. உடலில் இறுதியாக மதிப்பிடப்படும் கோவையே பொதுவாக அதன் விடையாக அமையும். சொற்பட்டியல் முழுவதையும் ஒரே உள்ளீடாக அளிக்கலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய நீளம் வரிசையாகக் கிடைக்கும். அவ்வரிசையிலிருந்து சராசரியையும் திட்டவிலக்கத்தையும் பெறலாம். திட்டவிலக்கம் காணும்போது, சராசரியிலிருந்து விலகிய அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டி, சொற்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்து, வர்க்கமூலம் காணப்படுகிறது.

2. எண்ணப்படுவது யாது?

நீளங்காணும் உள்ளமைந்த செயற்கூறு எண்ணுவது ஒருங்குறியின் குறியெண்களையே, எழுத்துகளை அன்று. ஒருங்குறியில் உயிர்மெய்யின் உயிர்க்குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனிக் குறியெண் பெறுகின்றன. அகரமேறிய உயிர்மெய்க்கு மட்டும் குறியெண் ஒன்றே. எனவே, 'மரம்' 4, 'தமிழ்' 5, 'தீர்வு' 6 என நீளம் கிடைக்கிறது. இவற்றின் சராசரி 5, திட்டவிலக்கம் 1. இலக்கண நெறிப்படி இம்மூன்றும் மூவெழுத்துச் சொற்களே. ஆகவே, உண்மைச் சராசரி 3, திட்டவிலக்கம் 0. இல்லாத வேறுபாடு ஒன்று கணக்கில் தோன்றிவிடுகிறது. அது சொல்லின் நீளத்தைக் காட்டாமல், குறியும் புள்ளியும் எத்துணை வந்துள்ளன என்பதையே காட்டுகிறது.

மேலும், 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும், கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் நீளம் முறையே 2, 3 என வேறுபடும்.

3. திருத்தம்

உயிர்க்குறிகளையும் புள்ளியையும் நீக்கிவிட்டு எஞ்சியவற்றை எண்ணுமாறு ஆய்வாளர் தாமே ஒரு செயற்கூறு எழுதிக்கொள்ளலாம். அதன் வழி மேற்கண்ட மூன்று சொற்களுக்கும் 3 என்னும் விடையே வரும். 'கொ' எவ்வாறு சேமிக்கப்பட்டிருப்பினும் 1 எனவே கிடைக்கும். ஆய்த எழுத்துக்குத் தனிக் குறியெண் உண்டாதலின் அதுவும் முறையாக எண்ணப்படும். ஆயினும், 'க்ஷ' போன்ற கூட்டெழுத்தை இச்செயற்கூறு இரண்டாகவே கொள்ளும். அதனை ஒன்றாகக் கொள்வதா, இரண்டாகக் கொள்வதா என்பது நிரல் தீர்மானிக்க வேண்டியதன்று. ஆய்வாளர் முன்னரே வரையறுத்து, அவ்வரையறையைக் கட்டுரையில் குறிப்பிடுதல் வேண்டும்.

எழுத்து யாது என்னும் வினா கணக்கீட்டிற்கு முற்பட்டது. அதற்கு விடை கூறாமல் பெறப்படும் சராசரிகளைக் கொண்டு இரு நூல்களின் நடையை ஒப்பிடுவது பிழையான முடிபுக்கு இட்டுச்செல்லும்.