பட்டியலில் 3,000 ரிங்கிட், வங்கியில் 2,000: மீதிப் பணம் எங்கே?

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ ஆலய நிர்வாகமோ, நன்கொடைக் கணக்கைக் கணினித் தரவுத்தளத்தில் வைத்திருந்தால், ஆண்டுக் கூட்டத்திற்கு முன் அதிலிருந்துதான் மொத்தம் எடுக்கப்படும். அது வங்கிக் கணக்கோடு ஒத்துப் போகாவிட்டால் முதலில் சந்தேகத்திற்கு ஆளாவது பொருளாளர். யார் கை வைத்தது என்ற பேச்சு கிளம்பும் முன், கணினி எதைக் கூட்டியது என்று பார்த்துவிடுவது நல்லது.

ஒரு பள்ளியில் 40 குடும்பங்கள் தலா 50 ரிங்கிட் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,000. அவற்றில் 25 குடும்பங்களுக்கு அங்கே ஒரு பிள்ளை, 10 குடும்பங்களுக்கு இரண்டு, 5 குடும்பங்களுக்கு மூன்று. பெற்றோர், பிள்ளைகள், நன்கொடை என மூன்று அட்டவணைகள். வகுப்பு ஆசிரியர்கள் பார்ப்பதற்காக மூன்றையும் இணைத்து யாரோ ஒரு ‘வியூ’ செய்து வைத்திருக்கிறார்.

வியூ பார்வைக்கு அட்டவணை போலவே இருக்கும். ஆனால், பொதுவாக அதற்குள் தனியாகத் தரவு கிடையாது. அது சேமித்து வைத்த ஒரு கேள்விதான். திறக்கும்போதெல்லாம் புதிதாகப் பதில் தேடி வரும். இந்த வியூவில் பிள்ளைக்கு ஒரு வரி. ஆகவே மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டின் 50 ரிங்கிட் மூன்று வரிகளில் நிற்கும். மொத்தம் 25, 20, 15 என 60 வரிகள்.

இதைக் குடும்ப வாரியாக ‘குரூப் பை’ போட்டுக் கூட்டினால் அந்த வீடு 150 கொடுத்ததாகக் காட்டும். மொத்தம் 3,000. இல்லாத 1,000 ரிங்கிட் ‘காணாமல்’ போய்விட்டது! தோட்டத்துக் கிராணி ரசீதுக் கட்டைப் புரட்டிக் கூட்டியிருந்தால் ஒரே ரசீதை மூன்று முறை எண்ணியிருக்க மாட்டார். கணினிக்கு ரசீது தெரியாது, வரிதான் தெரியும்.

‘டிஸ்டிங்ட்’ சேர்த்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. அது ரசீதைப் பார்ப்பதில்லை, தொகையைப் பார்க்கிறது. ஜனவரியில் 50, ஜூனில் 50 கொடுத்தவருக்கு 50 என்றே காட்டும். மொத்தத்திற்குப் போட்டால் 40 குடும்பங்களும் சேர்ந்து கொடுத்தது 50 ரிங்கிட் என்று வரும். நன்கொடை அட்டவணையில் முதலில் கூட்டிவிட்டு, அதன் பிறகே பெற்றோர் விவரத்தை இணைக்க வேண்டும். கணினி தெரியாத பொருளாளரும் ஒன்று கேட்கலாம்: “ரசீது 40, வரி ஏன் 60?”

குடும்ப வாரியாகத் தொகுத்துவிட்டுப் பிள்ளையின் பெயரையும் கேட்டால், பழைய மைஎஸ்க்யூஎல் ஏதோ ஒரு பிள்ளையின் பெயரைக் காட்டிவிடும். 2015இல் வந்த 5.7 பதிப்பு முதல் அது இயல்பாகவே மறுக்கிறது. அந்தத் தடையை அணைத்து வைப்பவர்களும் உண்டு. அது வம்பை விலைக்கு வாங்குவது.

பெயரை வைத்துத் தொகுப்பதும் அப்படித்தான். ஆர். குமார் என்று இருவர் இருந்தால் ஒருவராகிவிடுவார்கள். ஒரே பெயரில் ஓரிடத்தில் ‘ஏ/எல்’ இருந்து இன்னோரிடத்தில் விடுபட்டால் ஒருவர் இருவராவார். உறுப்பினர் எண்ணை வைத்துத் தொகுத்தால் இந்தத் தொல்லை இல்லை.