கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுவிக் உருவப்படமும் மெக்சிகோவின் சுவரோவிய மரபும்

பொதுவெளியில் இடம்பெறும் ஓவியம் யாரை நினைவில் நிறுத்துகிறது? தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கில் பரவலாகக் காணப்படும் பென்னிகுவிக் உருவப்படத்தை மெக்சிகோவின் சுவரோவியங்களோடு ஒப்பிட்டு இக்கட்டுரை இவ்வினாவை ஆராய்கிறது.

புரட்சிக்குப் பின், 1920களின் தொடக்கத்தில், மெக்சிகோவின் கல்வி அமைச்சர் ஹோசே வாஸ்கொன்செலோஸ் அரசுக் கட்டடச் சுவர்களை ஓவியர்களுக்கு வழங்கினார். எழுத்தறியாதோரும் கண்டுணருமாறு டியேகோ ரிவேரா, ஒரோஸ்கோ, சிகெய்ரோஸ் ஆகியோர் அவற்றில் நாட்டின் வரலாற்றையும் வாழ்வையும் தீட்டினர். கல்வி அமைச்சகக் கட்டடத்தில் ரிவேரா வரைந்தவற்றுள் சுரங்கத் தொழிலாளரும் நெசவாளரும் உழவரும் முதன்மை பெற்றனர்.

முல்லைப் பெரியாறு அணை 1887 முதல் 1895 வரை கட்டப்பட்டது. மேற்கு நோக்கி ஓடிய நீர், மலையைக் குடைந்த சுரங்கவழியே கிழக்கே திருப்பப்பட்டது. அந்நீரால் வாழ்வு பெற்ற கம்பம் பள்ளத்தாக்கு உழவர், அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் படத்தை வீடுகளிலும் கடைகளிலும் தாமே மாட்டினர்; அவர் பிறந்த சனவரி 15ஆம் நாளில் பொங்கலிட்டு வணங்குகின்றனர். அணை உரிமைப் போராட்டங்கள் அப்படத்தை அரசியல் அடையாளமாகவும் ஆக்கின. அரசும் 2013இல் லோயர்கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறந்தது.

மெக்சிகோவில் அரசு சுவரை அளித்தது. இங்கு மக்களே தம் சுவரை அளித்தனர். ஆயினும், அணைப்பணியில் காய்ச்சலுக்கு இரையான கூலித் தொழிலாளர் அப்படத்தில் இல்லை. ரிவேராவின் சுவரில் உழைப்போர் முன்நிற்க, இங்குப் பொறியாளர் ஒருவரே நிற்கிறார். அத்தொழிலாளரும் சுவரேறும்போதே இந்நன்றி முழுமையுறும் எனலாம்.